வெட்டிய கோடரி

நார்வே பாஸ்போர்ட்டின் அட்டையில் முடிசூடிய சிங்கம் ஒன்று நிற்கிறது. முன்கால்களில் ஒரு கோடரி. அந்நாட்டு அரசரையே வெட்டிச் சாய்த்த கோடரியின் நினைவு அது என்பது மரபு.

அந்த அரசர் ஓலாவ் ஹரால்ட்சன். துரொண்ட்ஹெய்முக்கு வடகிழக்கே ஸ்திக்லெஸ்தாத்தில், 1030 ஜூலை 29 அன்று, சொந்தக் குடிகள் திரட்டிய படையிடம் மாண்டார். ஞானஸ்நானம் பெற மறுத்தவர்களை அவர் ஊனமாக்கினார், கொன்றார் என்கின்றன ஐஸ்லாந்தின் பழங்கதைகள். அதற்காக இதை மதப்போர் என்று ஒதுக்கிவிட முடியாது. எதிர்ப்படையிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்; அதன் பின்னால் நின்ற டென்மார்க், இங்கிலாந்து அரசர் கனூட்டும் கிறிஸ்தவர்தான்.

பிறகு, சண்டைக்குக் காரணம் என்ன? அணி பிரிய மதமே தேவையில்லை. 1970 வாக்கில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தில் பள்ளிப் பையன்களை இரண்டாகப் பிரித்தார். க்ளேயின் ஓவியம் பிடித்தவர்கள் ஒரு பக்கம், காண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தவர்கள் மறுபக்கம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். பணத்தைப் பங்கிடச் சொன்னதும், தங்கள் பக்கம் யார் யார் என்றே தெரியாத பையன்கள் அந்தப் பக்கத்துக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். ‘நம்மாள்’ என்ற உணர்வு முளைக்க அவ்வளவு போதும். மதம் முன்பின் பார்த்திராத லட்சம் பேரை நம்மாள் ஆக்குகிறது. அணைக்கும் கை நீள நீள, வேலியும் கூடவே நீள்கிறது.

கதை கொலையோடு முடியவில்லை. ஓலாவை வீழ்த்தியவர்களில் ஒருவர் தோரிர் ஹுண்ட்; அவர் குத்தியது ஈட்டியால். போர் ஓய்ந்ததும் சடலத்தின் முகத்தை அவர் துடைத்தபோது, ரத்தம் பட்டு அவருடைய கைக்காயம் ஆறியதாக ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்நோரி ஸ்துர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதினார். ஓலாவ் புனிதர் என்று முதலில் சொன்ன எதிரிகளில் தோரிரும் ஒருவராம். 1031 ஆகஸ்ட் 3 அன்று ஓலாவ் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்தக் கல்லறை மேல் எழுந்ததுதான் துரொண்ட்ஹெய்மின் நிதரோஸ் பேராலயம்.

கொல்லப்பட்டவரைக் கும்பிடுவது நமக்குப் புதிதல்ல. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் நம் ஊர் எல்லையில் காவல் நிற்கிறான். கொன்ற ஊருக்கு முதலில் வருவது பயம், பிறகு படையல். மதம் கோடரியைத் தீட்டித் தருவதும் உண்டு, ரத்தக்கறையைக் கழுவ இடம் தருவதும் உண்டு. சிங்கத்தின் கையில் அந்தக் கோடரி இரண்டுமாகவே இருக்கிறது.