இதய மருந்தும் இரத்தக் குழாய்களின் தளிர்ப்பும்

நம் உடலில் இரத்தக் குழாய்கள் ஒருமுறை அமைந்துவிட்டால் பிறகு மாறா என்று பலர் எண்ணுகின்றனர். ஆசிரியனாக இருந்த நாளில் நானும் கரும்பலகையில் தமனியைச் சிவப்பாகவும் சிரையை நீலமாகவும் வரைந்து காட்டி, அத்துடன் பாடத்தை முடித்துவிடுவேன். உண்மை அவ்வளவு எளிதன்று. புண் ஆறும்பொழுது அவ்விடத்தில் புதிய நுண்குழாய்கள் தளிர்க்கின்றன. பழைய குழாயின் உட்சுவரிலுள்ள செல்கள், கிளையில் துளிர் விடுவதுபோலப் பக்கவாட்டில் நீண்டு வளர்கின்றன. அவ்வாறு வளரத் தூண்டும் புரதங்களுள் தலையாயதை வி.இ.ஜி.எஃப். என்று சுருக்கமாக வழங்குவர்.

இத்தளிர்ப்பு வேண்டாத இடத்தில் நிகழ்ந்தால்? பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் தோலில் சில வேளை செம்பழம் போன்ற கட்டியொன்று தோன்றும். இரத்தக் குழாய்ச் செல்கள் பெருகி உண்டாகும் அக்கட்டிக்கு ஹீமாஞ்சியோமா என்பது பெயர். முதற்சில மாதங்களில் விரைந்து பருத்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பெரும்பாலானவற்றுக்கு மருத்துவமே வேண்டுவதில்லை. ஆனால் கண்ணிமையில் வளர்ந்தால் பார்வை கெடலாம். மூச்சுக்குழலில் வளர்ந்தால் உயிருக்கே இடர். இத்தகைய குழந்தைகளுக்கு மருத்துவர்கள் நெடுங்காலம் ஸ்டீராய்டு மருந்துகளையே பெரிதும் நம்பியிருந்தனர்.

2008-இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. மூக்கில் இக்கட்டி வளர்ந்த குழந்தையொன்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்துவந்த வேளையில், இதயத் தசை தடிக்கும் நோயும் உண்டாயிற்று. அதற்காகப் புரொப்ரனலால் என்னும் இதய மருந்தைத் தொடங்கினர். மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறியது, கட்டியும் மென்மையாயிற்று. இதயத்தை மட்டும் நோக்கியிருந்த கண்ணுக்கு இது தப்பியிருக்கக்கூடும். கிரிஸ்தீன் லெயோத்தே-லப்ரேஸ் என்னும் தோல் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அதைக் கவனித்தனர். வேறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 11 குழந்தைகளின் வரலாற்றை வெளியிட்டனர்.

புரொப்ரனலால் புதிய மருந்தன்று. 1960-களில் பிரிட்டனில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கியது. அவர் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். நாம் அஞ்சும்பொழுதும் ஓடும்பொழுதும் சுரக்கும் அட்ரினலின், இதயச் செல்களிலுள்ள பீட்டா ஏற்பிகளில் பொருந்தித் துடிப்பை விரைவாக்குகிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப்போல, இம்மருந்து அவ்விடங்களை முந்திக்கொள்கிறது. விரைந்த துடிப்பு நிதானமடைகிறது. தாறுமாறான துடிப்பும் அடங்குகிறது. அதே ஏற்பிகள் கட்டியின் செல்களிலும் உள்ளன. அங்கே மருந்து சென்று அமர்ந்தவுடன் குழாய்கள் சுருங்குவதால்தான் ஒரே நாளில் நிறம் மாறுகிறது என்பர். பிறகு வி.இ.ஜி.எஃப். குறைகிறது, தளிர்ப்பு நிற்கிறது.

இவ்விளக்கம் முழுமையானதுதானா? புரொப்ரனலாலில் இடக்கையும் வலக்கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழலான இருவகை மூலக்கூறுகள் சமமாகக் கலந்துள்ளன. பீட்டா ஏற்பியை வலுவாகத் தடுப்பது அவற்றுள் ஒன்றே. மற்றதோ அவ்வேற்பியை ஏறக்குறையத் தீண்டுவதேயில்லை. எனினும் அதுவும் கட்டியின் செல்கள் குழாயாவதைத் தடுக்கிறது என்பதை அண்மை ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்திலும் சுண்டெலிகளிடத்தும் கண்டனர். குழாய் வளர்ச்சிக்குரிய மரபணுக்களை இயக்கும் சாக்ஸ்-18 என்னும் புரதத்தை அது முடக்குகிறது.

இது வெறும் நுணுக்க ஆராய்ச்சி அன்று. புரொப்ரனலால் பச்சிளங்குழந்தையின் துடிப்பை அளவுக்கு மீறிக் குறைக்கலாம். இரத்தச் சர்க்கரையையும் தாழ்த்தலாம். அதனால் பாலூட்டும் வேளையில், மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்கின்றனர். ஆஸ்துமா உள்ள குழந்தைக்குக் கொடுப்பதில்லை. ஏற்பியைத் தீண்டாத வகையை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தால், இதயத்தைத் தொடாமலேயே கட்டியை அடக்க இயலுமா என்பதை ஆய்வாளர்கள் இப்பொழுது ஆராய்ந்து வருகின்றனர்.