போர்வையும் குறிப்பேடும்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1865ஆம் ஆண்டு வரை கறுப்பின மக்கள் அடிமைகளாக வாங்கவும் விற்கவும் பட்டனர். அவர்களுட் பலர் வடக்கே சுதந்திர மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் தப்பிச் சென்றனர். அவர்களுக்கு வழிகாட்டி அடைக்கலம் கொடுத்தோரின் இரகசியத் தொடர்புக்கு ‘நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை’ என்று பெயர். அங்கே தண்டவாளமும் இல்லை, புகையிரதமும் இல்லை. மனிதரே பாதை.

இத்துடன் ஒரு கதையும் சொல்லப்படுகிறது. துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வைகளை வெளியே காயப்போடுவார்களாம். வண்டிச்சக்கரக் கோலம் தெரிந்தால் பொருட்களைக் கட்ட வேண்டும். பறக்கும் வாத்துக்கள் தெரிந்தால் வடக்கே புறப்பட வேண்டும். தென் கரோலினாவில் போர்வை விற்ற ஒரு மூதாட்டி தமது குடும்பக் கதையாகச் சொன்னதை ஆதாரமாகக் கொண்டு 1999இல் ஒரு நூல் வெளிவந்தது. அதன்பின் இக்கதை பாடசாலைகள் வரை பரவியது.

அழகான கதைதான். ஆயினும் வரலாற்றாசிரியர் பெரும்பாலானோர் இதனை ஏற்பதில்லை. 1930களில், முன்னர் அடிமைகளாயிருந்த 2000க்கும் மேற்பட்டோரின் நினைவுகள் எழுதி எடுக்கப்பட்டன. தப்பியோர் பலர் தமது வரலாற்றைத் தாமே எழுதினர். அவற்றில் இந்தக் குறியீடு பற்றிய பேச்சே இல்லை. அக்காலத்துக் குறியீட்டுப் போர்வை ஒன்றேனும் கிடைக்கவில்லை. சொல்லப்படும் கோலங்களுட் சில 20ஆம் நூற்றாண்டிலேயே பரவலாயின.

அப்படியானால் எவ்வாறு தப்பினர்? ஹரியற் ரப்மன் என்ற பெண் 1849இல் மேரிலாந்திலிருந்து தப்பினார். பின் ஏறத்தாழ 13 தடவைகள் திரும்பிச் சென்று சுமார் 70 பேரை மீட்டார். இரவு நீண்ட குளிர்காலத்தில், துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நடந்தார். அதே ஆண்டு ஹென்றி பிரவுண் என்பவர் ஒரு மரப்பெட்டிக்குள் அடைபட்டு, பொதியாக ரிச்மன்ட் நகரிலிருந்து பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டார். பயணம் ஏறக்குறைய 27 மணித்தியாலம்.

அப்பெட்டியைத் திறந்தபோது உடனிருந்தவர்களுள் ஒருவர் வில்லியம் ஸ்ரில். அடிமை ஒழிப்புச் சங்கப் பணிமனையில் எழுதுவினைஞராக இருந்த கறுப்பினத்தவர் அவர். 1850இல் உறவினரைத் தேடி ஒருவர் அங்கு வந்தார். அவர் கூறிய பெற்றோரின் பெயர்களைக் கேட்டதும் ஸ்ரில் திகைத்துப் போனார். வந்தவர் அவருடைய சொந்தத் தமையன்! தாய் தப்பியபோது நாற்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுச் செல்ல நேர்ந்த பிள்ளை.

அதன்பின் ஸ்ரில் தம்மிடம் வந்தோரின் பெயர், வயது, புறப்பட்ட இடம், பிரிந்த உறவுகள் ஆகியவற்றைக் கவனமாகப் பதிந்தார். சிதறிய குடும்பங்கள் மீண்டும் சேர அவை உதவும் என நம்பினார். பிறர் கையில் சிக்கினால் ஆபத்து என்பதால் அவற்றை மறைத்து வைத்து, 1872இல் நூலாக வெளியிட்டார்.

ஒரு குடும்பம் போற்றும் கதையை நாம் ஏளனம் செய்யத் தேவையில்லை. ஆனால் அதையே எல்லோரதும் வரலாறாக்கினால், நடந்தவர்களின் துணிவு துணிக்குப் பின்னால் மறைந்துவிடும். எங்கள் வீடுகளிலும் முதியோர் பழையதைச் சொல்லும்போது கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். என்றோ ஒருநாள் அதைத் தேடி ஒருவர் வரக்கூடும்.