கையில் ஏழு எழுத்து இருக்கு... நீளமான ஆங்கில வார்த்தையைப் பிடிப்பது எப்படி?

தாமலில் பஸ் ஏறி வேலைக்குப் போகும் வழியில் மொபைலில் ஸ்க்ராபிள் ஆடுபவரா நீங்கள்? ஏழு எழுத்து கையில் இருந்தும் மூன்றெழுத்து வார்த்தையோடு நின்றுவிடுகிறதா? ‘நான் தமிழ் மீடியம், இதெல்லாம் நமக்கு வராது’ என்று ஆப்பை மூடிவிடாதீர்கள்.

நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிளில் உலக சாம்பியன் ஆனார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது! 2024-ல் ஸ்பானிஷ் பட்டத்தையும் தட்டினார். வார்த்தைகளை மனப்பாடம் செய்தே ஜெயித்தவர் அவர். அந்த அளவுக்கு நம்மால் முடியாது. ஆனால், சரளமாகப் பேசுவதும் இந்த விளையாட்டும் வேறு வேறு என்பது மட்டும் புரிகிறது அல்லவா?

முதலில் வாலைப் பிடிங்க!

நீளமான வார்த்தைகள் பெரும்பாலும் ஒட்டுப்போட்டவை. ‘செய்’ என்பதை ‘செய்துகொண்டிருந்தவர்களுக்கு’ என நாம் தினமும் நீட்டுகிறோமே, அதே வேலைதான். ஆங்கிலத்தில் ‘இங்’, ‘நெஸ்’, ‘ஏபிள்’ எல்லாம் வால்கள். ‘ரீ’, ‘அன்’, ‘ஓவர்’ தலைகள்.

உதாரணமாக ஒய், ஜி, ஏ, என், பி, ஐ, எல் வந்திருக்கிறது என்று வையுங்கள். ஐ, என், ஜி மூன்றையும் தனியே ஒதுக்குங்கள். மிச்சம் நான்கில் ‘பிளே’ தெரிகிறதா? சேர்த்தால் ‘பிளேயிங்’. ஏழு எழுத்தையும் ஒரே முறையில் வைத்ததால் 50 புள்ளிகள் போனஸ்!

எஸ் கிடைத்தால் அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். பலகையில் இருக்கும் வார்த்தையின் கடைசியில் அதை ஒட்டியே உங்கள் வார்த்தையை இறக்கலாம். க்யூ வந்தால் கூடவே யூ இருக்கா என்று பாருங்கள்.

விடை சொல்லும் ஆப் என்ன செய்கிறது?

மேஜிக் எதுவும் இல்லை. இப்படிச் செய்வது ஒரு எளிய வழி: அகராதியில் உள்ள ஒவ்வொரு வார்த்தையின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி வைப்பது. ‘லிசன்’, ‘சைலன்ட்’ இரண்டையும் அப்படி அடுக்கினால் ஒரே வரிசைதான் வரும். உங்கள் எழுத்துகளையும் அடுக்கி, பொருந்துவதைக் காட்டினால் போதும். இதைத்தான் நீங்கள் எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்துத் தேடுகிறீர்கள். அதனால் முதலில் சொந்தமாகக் கலைத்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் ஆப்பைத் திறந்து, விட்டுப்போனதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நம்ம வார்த்தைகளும் இருக்கு!

சுருட்டிலிருந்து போன ‘செரூட்’ 7 எழுத்து, குருந்தத்தின் ‘கொரண்டம்’ 8, கட்டுமரத்தின் ‘கேட்டமரான்’ 9. நம்ம மிளகுத்தண்ணியோ ‘மல்லிகடானி’ என்று 12 எழுத்தில் ஆங்கில அகராதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எதுக்குத் தயக்கம்?