சோபாவிலிருந்து நாற்காலிக்கு

ராத்திரி பதினொன்றரை மணி. பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். நாளைக் காலைக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, 'அப்பாடா!' என்று நீங்கள் கட்டிலில் சாய்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன வேண்டியிருக்கும்? உபதேசமா? வேண்டவே வேண்டாம்! யாராவது வந்து நாலு வார்த்தை பேசி, வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இந்த ரகசியத்தை அமெரிக்க டெலிவிஷன்காரர்கள் வெகு நாளைக்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டார்கள். 'டுநைட் ஷோ' என்ற பின்னிரவு நிகழ்ச்சியை 1962 முதல் 1992 வரை, முப்பது வருஷம், ஜானி கார்ஸன் என்பவர் நடத்தினார். மேடையில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் கார்ஸனின் நாற்காலி. பக்கத்தில் விருந்தாளிகளுக்கு ஒரு சோபா. அவ்வளவுதான் சாமான். ஆனால் அந்தச் சோபாவில் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும் என்பதற்காக எத்தனை ஹாஸ்யக்காரர்கள் தவம் கிடந்தார்கள் தெரியுமா? புதிதாக வருகிறவர் திரைக்கு வெளியே வந்து நின்று சில நிமிஷம் பேசுவார். பேச்சு கார்ஸனுக்குப் பிடித்துவிட்டால், 'இங்கே வா' என்று கையைக் காட்டுவார். அந்தக் கையசைப்புக்கு மறுநாள் காலையில் விலை ஏறிவிடும். முந்திய நாள் கூப்பிட்டுக் கேட்காத கிளப் முதலாளிகளெல்லாம் டெலிபோனில் வந்து விழுவார்கள்!

அந்தச் சோபாவுக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். பெயர் ஜோன் ரிவர்ஸ். அவர் வந்ததும் கதைதான், போனதும் கதைதான், திரும்பி வந்ததோ எல்லாவற்றையும்விடப் பெரிய கதை.

டாக்டர் வீட்டுப் பெண்

1933-ம் வருஷம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர் ஜோன். ருஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். தகப்பனார் டாக்டர். பெண்ணை பர்னார்ட் கல்லூரியில் படிக்க வைத்தார்கள். 1954-ல் பட்டமும் வாங்கியாயிற்று. அப்புறம் என்ன? நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, வீட்டையும் வாசலையும் கவனிக்க வேண்டியதுதானே! ஒரு கல்யாணம் நடக்கத்தான் நடந்தது. ஆறு மாதத்துக்குள் அது ரத்தாகிவிட்டது.

பெண்ணுக்கோ மேடைப் பைத்தியம். பகலில் ஆபீஸ்களில் கிடைத்த தற்காலிக வேலை. இரவில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதிச் சின்னச் சின்னக் கிளப்புகளில் ஹாஸ்யப் பேச்சு. கேட்கிறவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் சரி, பேசிவிடுவது. குடும்பப் பெயர் மேடைக்குச் சரிப்படாது என்று ஏஜெண்டு சொன்னதும், அந்த ஏஜெண்டின் பெயரிலிருந்தே 'ரிவர்ஸ்' என்பதை எடுத்து ஒட்டிக்கொண்டாயிற்று!

அந்தக் காலத்தில் பெண்பிள்ளை தனியாக மேடையில் நின்று ஹாஸ்யம் பேசுவதென்பது அமெரிக்காவிலேயே அபூர்வம். பிலிஸ் டில்லர் போன்ற ஓரிருவர் இருந்தார்கள். அவர்களும் கோமாளி வேஷம், விசித்திர உடை, அசட்டுச் சிரிப்பு என்று ஏதாவது ஒரு முகமூடி போட்டுக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. பார்க்க லட்சணமாக ஒரு பெண், நல்ல கறுப்பு கவுன் அணிந்து, பக்கத்து வீட்டுக்காரி கொல்லைப்புறத்தில் நின்று பேசுகிற மாதிரி, தன் சமையலின் லட்சணத்தையும், கல்யாணம் ஆகவில்லையே என்று தாயார் பட்ட கவலையையும் சபையில் போட்டு உடைப்பதா? 'டுநைட் ஷோ' ஆபீஸில் பல தடவை பேசிக் காட்டியும், ஒவ்வொரு தடவையும் 'வேண்டாம்' என்றே பதில் வந்தது.

அந்த ஒரு ராத்திரி

கடைசியில் 1965 பிப்ரவரி 17-ந் தேதி இடம் கிடைத்தது. எப்படிப்பட்ட இடம்? பந்தியில் கடைசி இலை! 'ஹாஸ்யம் எழுதும் பெண்' என்று அறிமுகம். நிகழ்ச்சி முடியப்போகிற நேரம். சோபிக்காவிட்டாலும் நஷ்டமில்லை என்று எண்ணித்தான் போட்டிருப்பார்கள்.

ஜோன் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். கார்ஸன் சிரித்தார். பேச்சு வேகம் பிடித்தது. கார்ஸன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முடிவில், கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'நீ நட்சத்திரம் ஆகப்போகிறாய்' என்று சொன்னார். முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு, ஏழெட்டு வருஷம் படியேறி இறங்கிய கால்வலி ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது.

அதே வருஷம் ஜூலையில் இன்னொரு சுபகாரியம். எட்கர் ரோஸன்பர்க் என்ற தயாரிப்பாளர் ஒரு சினிமாக் கதையைச் செப்பனிட வேண்டும் என்று ஜோனைக் கூப்பிட்டார். கதை என்னவாயிற்றோ, சில நாட்களுக்குள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது! 1968-ல் மெலிஸா என்ற பெண் குழந்தை பிறந்தது.

பிறகு இருபது வருஷம் ஜோனும் கார்ஸனும் சேர்ந்து அடித்த லூட்டியை அமெரிக்கா மறக்கவில்லை. 'கொஞ்சம் மனசு விட்டுப் பேசலாமா?' என்று ரகசியம் சொல்கிற பாவனையில் முன்னால் சாய்வார் ஜோன். என்ன வரப்போகிறதோ என்று கார்ஸன் மேஜையைப் பிடித்துக்கொள்வார். ஜோனின் கையில் அகப்படாத ஆள் கிடையாது. ராணியானாலும் சரி, சினிமா நட்சத்திரமானாலும் சரி. முதல் அடி மட்டும் எப்போதும் தன் தலையிலேதான்: தன் மூக்கு, தன் வயது, தன் அழகு.

எல்லாமே ரசிக்கத்தக்கவை என்று சொல்ல மாட்டேன். எலிஸபெத் டெய்லர் பருத்துப் போனதைப் பற்றி அவர் பண்ணிய கேலியெல்லாம் இன்று கேட்டால், 'பாவம், விட்டுவிடக் கூடாதா?' என்று தோன்றுகிறது. பெண்ணே பெண்ணின் உடம்பைச் சந்தைக்குக் கொண்டுவரலாமா என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் முதுமையையும், தாம்பத்தியத்தையும், பிரசவத்தையும், பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்ட இன்னும் எத்தனையோ விஷயங்களையும் ஆண்கள் நடுவே உட்கார்ந்து உரக்கப் பேசிய துணிச்சலையும் மறுக்க முடியாது.

1983-ல் கார்ஸன் லீவு எடுக்கும் வாரங்களிலெல்லாம் அவருக்குப் பதிலாக நிரந்தரமாக நிகழ்ச்சியை நடத்துகிறவர் ஆனார் ஜோன். சோபாவிலிருந்து நாற்காலிக்கு! ஆனால், அது இரவல் நாற்காலி.

ஒரு டெலிபோன்

1986-ல் 'எண்டர் டாக்கிங்' என்று தம்முடைய சுயசரிதையை எழுதினார் ஜோன். அந்தப் புத்தகம் கார்ஸன் முன்னால் உட்கார்ந்த முதல் இரவோடு முடிகிறது. அவ்வளவு நன்றி. அதே 1986-ல்தான் இருவருக்கும் பேச்சு நின்றது!

நடந்தது இது. கார்ஸன் ஓய்வு பெற்றால் அடுத்து யார் என்று டெலிவிஷன் கம்பெனியில் ஒரு பட்டியல் தயாரித்திருந்தார்கள். மூன்று வருஷமாக நாற்காலியைக் காத்த ஜோனின் பெயர் அதில் இல்லை என்று அவர் காதுக்கு எட்டியது. அப்போது புதிதாகத் தொடங்கவிருந்த பாக்ஸ் டெலிவிஷன், 'எங்களிடம் வாருங்கள், உங்களுக்கே சொந்தமாக ஒரு பின்னிரவு நிகழ்ச்சி' என்றது. கார்ஸனின் நேரத்திலேயே, கார்ஸனுக்குப் போட்டியாக! ஜோன் ஒப்புக்கொண்டார். விஷயத்தைச் சொல்லக் கார்ஸனுக்கு டெலிபோன் செய்தபோது அவர் பேசாமல் வைத்துவிட்டார் என்பது ஜோன் சொன்ன விவரம். ஏற்கெனவே வேறு வழியாகச் செய்தி கார்ஸனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

யார் பக்கம் நியாயம்? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டவரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டால், சொல்லியிருக்கத்தான் வேண்டும். அந்த மனிதர் மனம் நொந்திருந்தால் அதில் தப்பில்லை. ஆனால் இருபது வருஷம் உழைத்த ஒருத்தி தனக்கென்று ஒரு நாற்காலி கேட்டது குற்றமா? இதே வீட்டிலிருந்து கிளம்பித் தனிக் கடை போட்ட ஆண்கள் உண்டே, அவர்களிடம் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லையே என்று ஜோன் பிற்காலத்தில் கேட்டார். நன்றி என்பது ஆயுள் முழுவதும் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருப்பதா? நம் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி எழாமலா இருக்கிறது!

கார்ஸன் அதன்பின் ஜோனோடு பேசவே இல்லை. 2005-ல் அவர் காலமாகும் வரையில் இல்லை.

சிரிப்பு நின்ற வருஷம்

1986 அக்டோபர் 9-ந் தேதி ஜோனின் சொந்த நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. எல்டன் ஜானும், ஷேரும் முதல் நாள் விருந்தாளிகள். ஆனால் பார்க்கிறவர்கள் கூட்டம் எதிர்பார்த்தபடி சேரவில்லை. நிகழ்ச்சிக்குத் தயாரிப்பாளராக இருந்த கணவர் எட்கருக்கும் கம்பெனி மேலதிகாரிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. 'கணவரை விலக்குங்கள்' என்றார்கள். ஜோன் மறுத்தார். 1987 மே மாதத்தில் இருவருக்குமே வேலை போயிற்று. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் எட்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

சிரிக்க வைப்பதே தொழிலாகக் கொண்ட பெண்மணியின் நிலையை நினைத்துப் பாருங்கள். கணவர் இல்லை. வேலை இல்லை. கலியாண வயதில் நிற்கும் மகள், தகப்பனார் போன துக்கத்தில் தாயாரோடு மனம் கசந்து நிற்கிறாள். வாழ்வையே முடித்துக்கொள்ளலாமா என்று ஓர் இரவு தோன்றியதாகவும், மடியில் வந்து ஏறி உட்கார்ந்த சின்ன நாய்தான் தடுத்ததாகவும் ஜோன் பிறகு சொல்லியிருக்கிறார்.

அழுது முடித்ததும் ஜோன் என்ன செய்தார் தெரியுமா? கிடைத்த வேலையைச் செய்தார். பகல் நேரத்தில் ஒரு பேட்டி நிகழ்ச்சி கிடைத்தது. அதற்கு 1990-ல் எம்மி பரிசு வாங்கினார். மேடையில் கண்ணீரோடு எட்கரை நினைத்துக்கொண்டார். டெலிவிஷனில் நின்று நகை விற்றார். 'பெரிய நட்சத்திரம் நகை விற்கிறதே!' என்று சிரித்தவர்களைப் பார்த்து அவரும் சேர்ந்து சிரித்தார், நகையும் விற்றது. 1994-ல் தாயும் மகளும் தங்கள் சொந்தத் துக்கத்தையே கதையாக வைத்து ஒரு டெலிவிஷன் படத்தில் தாங்களாகவே நடித்தார்கள். அதற்குள் இருவரும் ராசியாகியிருந்தார்கள். பிற்காலத்தில் இருவரும் ஜோடியாக நின்று சினிமா விழாக்களில் நட்சத்திரங்களின் உடையைப் பற்றிப் பேசுவதே ஒரு வழக்கமாகிவிட்டது.

அவர் வீட்டில் இரும்பு அலமாரி இழுப்பறைகள் வரிசை வரிசையாக இருந்தன. சமையல் பொடி டப்பாவுக்கு நாம் பெயர் எழுதி வைப்பது போல, ஒவ்வொரு ஹாஸ்யத்தையும் அட்டையில் எழுதி, விஷயவாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தார். 2010-ல் வெளியான ஒரு செய்திப்படத்தில் அந்த இழுப்பறைகளைப் பார்க்கலாம். சிரிப்பு வானத்திலிருந்து விழுவதில்லை, உட்கார்ந்து உழைத்துச் சேர்ப்பது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

திரும்பிய கதவு

எல்லா இடத்துக்கும் போய்வந்தார் ஜோன். டேவிட் லெட்டர்மன் என்ற இன்னொரு பின்னிரவுக்காரரும் கூப்பிட்டுப் பேசினார். ஒரே ஒரு கதவு மட்டும் அடைத்தே கிடந்தது. கார்ஸன் 1992-ல் விலகினார். பின்னால் வந்தவர்களும் 'டுநைட் ஷோ'வுக்கு ஜோனைக் கூப்பிடவில்லை. கார்ஸனே காலமான பிறகும் அந்தத் தடை மட்டும் உயிரோடு இருந்தது!

2014-ல் ஜிம்மி பாலன் என்ற இளைஞர் நாற்காலிக்கு வந்தார். முதல் நாள் நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை. 'நீ இந்த நாற்காலிக்கு வரவே மாட்டாய் என்று பந்தயம் கட்டின சிநேகிதன் எனக்கு நூறு டாலர் தர வேண்டும்' என்று பாலன் சொன்னதுதான் தாமதம், பிரபலங்கள் ஒவ்வொருவராக வந்து மேஜையில் பணத்தை வீசிவிட்டுப் போனார்கள். அந்த வரிசையில் எண்பது வயது ஜோனும் வந்தார். பாலனுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். போய்விட்டார். சில விநாடிகள்தான். ஆனால், சபை எழுப்பிய ஆரவாரத்துக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று தேதி என்ன தெரியுமா? பிப்ரவரி 17! கார்ஸன் முன்னால் கடைசி இலையில் உட்கார்ந்த அந்த இரவுக்குச் சரியாக நாற்பத்தொன்பது வருஷம்.

மறு மாதம் 27-ந் தேதி முறையான விருந்தாளியாக வந்து, சோபாவில் அமர்ந்து, பழைய வேகம் குறையாமல் பேசினார். அந்தக் கோடையில் லெட்டர்மன் வேடிக்கைக்காகப் பேட்டியின் நடுவே எழுந்து போய்விட்டார்; ஜோன் கொஞ்சமும் அசராமல் தாமே நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். 2014 செப்டம்பர் 4-ந் தேதி, எண்பத்தொன்றாம் வயதில், ஜோன் காலமானார். தொண்டையில் செய்த ஒரு சிறு வைத்தியத்தின்போது மூச்சு நின்று, ஒரு வாரம் நினைவில்லாமலே கிடந்து போனார். அதற்கு முந்திய நாள் மாலைகூட மேடையில் ஹாஸ்யம் பேசியவர்.

இன்று அந்தப் பழைய இரவுகளின் பதிவுகளைப் போட்டுப் பார்த்தால், சில கேலிகள் பழசாகிப் போயிருக்கின்றன, சில உறுத்துகின்றன. பழசாகாத ஒன்று உண்டு. பேசத் தொடங்குமுன் முன்னால் சாய்ந்து, நம்மை நேராகப் பார்க்கும் அந்தப் பார்வை. 'உனக்கும் எனக்கும் தெரிந்ததுதானே, சொன்னால் என்ன?' என்று கேட்கும் பார்வை.

இன்றிரவு அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு வரும்போது, பகலெல்லாம் பொறுத்துக்கொண்ட ஏதாவது ஒன்று உங்கள் மனத்திலும் நிற்கும். அதை அழுது தீர்க்கலாம், தப்பில்லை. முடிந்தால், பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லிச் சிரித்துப் பாருங்கள்.