கதை படித்தவர்களும் படம் பார்த்தவர்களும்

பெயர் பெற்ற நாவல் ஒன்று படமாக வெளிவரும் நாட்களில், சினிமாக் கொட்டகை வாசலில் சற்று நேரம் நின்று பார்ப்பது மிகவும் சுவாரஸ்யமான காரியம். உள்ளேயிருந்து வரும் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வருவார்கள். ஒரு கட்சியினர் முகமலர்ச்சியுடன், பாட்டையும் சண்டையையும் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். மற்றக் கட்சியினரோ, தாங்கள் ஊரில் இல்லாத சமயத்தில் யாரோ வீட்டிற்குள் புகுந்து பாத்திரம் பண்டங்களையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார்கள். முதற் கட்சியினர் படத்தை மட்டும் பார்த்தவர்கள். இரண்டாங் கட்சியினர் கதையையும் படித்தவர்கள் என்று நாம் கேளாமலே சொல்லிவிடலாம்.

இந்தக் கட்சிப் பிரிவினை நமது இல்லத்திற்குள்ளேயே புகுந்தது 2022-ஆம் வருஷத்தில். அவ்வாண்டு செப்டம்பர் 30-ந் தேதி மணிரத்னம் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ முதற் பாகம் வெளியாயிற்று. நாம் குடும்ப சமேதராய்ச் சென்றோம். நம்முடன் நமது தாயாரும் வந்திருந்தார். அவருக்கு அந்தக் கதை வெறும் கதையன்று. 1950-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ‘கல்கி’ பத்திரிகையில் தொடங்கி மூன்றரை வருஷ காலம் வாரந்தோறும் வெளியான அந்த நாவலை, நமது பாட்டனார் இதழ் இதழாகப் பிரித்தெடுத்து, ஐந்து பாகங்களாகப் பைண்டு செய்து வைத்திருந்தார். அந்த ஐந்து புத்தகங்களும் நமது தாயாருக்குப் பிறந்த வீட்டுச் சீதனமாக வந்தவை. நகைகள் எத்தனையோ முறை அடகுக் கடைக்குப் போய் வந்திருக்கின்றன. புத்தகங்கள் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை.

படம் முடிந்து வீடு திரும்பியதும், “என்ன அம்மா, எப்படி இருந்தது?” என்று கேட்டோம்.

“படம் நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைமேல் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அதிலிருந்துதானே கதை ஆரம்பிக்க வேண்டும்? இவர்கள் எடுத்த எடுப்பிலேயே யுத்தம் பண்ணுகிறார்கள். அதோடு, அந்த முகங்கள் ஒன்றுகூட என் மனத்தில் இருக்கிற முகமாயில்லை” என்றார்.

“புத்தகத்தில் உள்ளதையெல்லாம் எடுத்தால், பாட்டி, கொட்டகையிலேயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்!” என்றாள் நமது புதல்வி.

பேத்தி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நாவல் அது. 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகத்தையும் சேர்த்தாற்கூட, திரையில் கிடைப்பது சுமார் ஐந்தரை மணி நேரம். எதையாவது விட்டுத்தான் தீரவேண்டும். ஆனால் பாட்டியின் குறை விட்டுப்போனதைப் பற்றியதன்று; முகத்தைப் பற்றியது. பத்திரிகையில் அக்கதைக்கு ஓவியர் மணியம் படங்கள் வரைந்திருந்தார். நமது தாயாரின் மனத்திலிருந்த வந்தியத்தேவனுக்குப் பாதி முகம் மணியம் கொடுத்தது. மீதிப் பாதி அவரே கொடுத்தது. வாரத்திற்கு இரண்டொரு சித்திரங்கள் வந்தால், அவற்றிற்கிடையே குதிரை ஓடுவதும், குரல் எழும்புவதும், கண்ணீர் ததும்புவதும் படிக்கிறவர் பொறுப்பு. திரைப்படமோ அந்தப் பொறுப்பு முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

நிற்க. நாவலைப் படமாக்குவதும், அதைக் குறித்து வீட்டுக்கு வீடு வாதிப்பதும் நேற்று முளைத்த வழக்கமல்ல. தமிழில் பேசும் படம் வந்து நான்கு வருஷங்களுக்குள், 1935-இல், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ படமாயிற்று. அடுத்த வருஷமே எஸ். எஸ். வாசனின் கதை ‘சதி லீலாவதி’யாகத் திரைக்கு வந்தது. எல்லாவற்றையும்விட விசித்திரமானது 1939-இல் டைரக்டர் கே. சுப்ரமண்யம் எடுத்த ‘தியாக பூமி’யின் சரித்திரம். கல்கி அக்கதையை ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதி வருகையிலேயே படமும் தயாராகிக்கொண்டிருந்தது. ஓவியர் வரைந்த சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்திலிருந்து எடுத்த போட்டோக்களே தொடரை அலங்கரித்தன. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், சாவித்திரியாக எஸ். டி. சுப்புலட்சுமியும் வாரந்தோறும் வாசகர்களின் இல்லங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். புத்தகம் மூத்ததா, படம் மூத்ததா என்று கேட்டால், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லவேண்டும்.

கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி பின்னர் செல்வச் சீமாட்டியாகிறாள். அவளைச் சேர்ந்து வாழும்படி கட்டாயப்படுத்தக் கணவன் கோர்ட்டுக்குப் போகிறான். அவளோ, வேண்டுமானால் அவனுக்குத் தான் ஜீவனாம்சம் கொடுப்பதாகச் சொல்கிறாள்; முடிவில் தேச சேவையில் இறங்குகிறாள். அக்காலத்தில் இக்கதை எத்தனை கூடங்களில், எத்தனை தாழ்வாரங்களில் விவாதத்தைக் கிளப்பியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. படம் சில காலம் ஓடிய பிறகு பிரிட்டிஷ் ஆட்சியினர் அதற்குத் தடை விதித்தார்கள். படச் சுருளைப் பெட்டியில் பூட்டி முத்திரை வைத்துவிடலாம். வீடு வீடாகச் சென்று, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலும் தலையணைக்கு அடியிலும் குடியேறிவிட்ட பத்திரிகை இதழ்களை எந்தப் போலீஸாரால் திரும்பச் சேகரிக்க முடியும்? ஏட்டிற்கு இப்படி ஒரு பலம் உண்டு.

திரைக்குப் பலம் இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. கொத்தமங்கலம் சுப்பு ‘விகட’னில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பா’ளைப் படித்த ரஸிகர்களுக்குச் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரம் கோபுலுவின் கோடுகளில் கண்ணுக்குத் தெரிந்தது; காதில் விழவில்லை. 1968-இல் ஏ. பி. நாகராஜன் அதைப் படமாக்கிய பொழுது, மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது. எழுத்தாளர் எவ்வளவு முயன்றாலும் காகிதத்தின்மீது தோடி ராகத்தை ஊத முடியாதல்லவா?

தொலைக்காட்சிப் பெட்டி வந்த பிறகு இந்த உற்சாகம் வீட்டுக் கூடத்திற்கே வந்து உட்கார்ந்துகொண்டது. 1986-இல் தூர்தர்ஷனில் ஆர். கே. நாராயணின் ‘மால்குடி’க் கதைகளைச் சங்கர் நாக் படமாக்கிக் காட்டினார். நமக்கு அப்போது சிறு பிராயம். பெட்டி இருந்த வீட்டில் அது இல்லாத நாலு வீட்டுக் குழந்தைகளும் கூடி, பாஷை சரியாக விளங்காமலே சுவாமிநாதன் என்னும் சிறுவனோடு பள்ளிக்கூடம் போய் வந்தோம். மால்குடி எந்த தேசப் படத்திலும் இல்லாத ஊர். ஆயினும் கர்நாடகத்து ஆகும்பே கிராமத்தில் அதைப் படம் பிடித்த பிற்பாடு, அதற்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது. நாம் நாராயணின் புத்தகத்தைக் கையில் எடுத்ததே அந்தப் பெட்டியின் தயவினால்தான். ஆசிரியர் தொழிலுக்கு வந்த பின் இந்த உண்மையை நாம் எவ்வளவு சௌகரியமாக மறந்துவிட்டோம் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

‘பொன்னியின் செல்வன்’ வெளியான அந்த வாரம் நமது வகுப்பில் ஓர் உபதேசம் செய்தோம். “முதலில் புத்தகம், பிறகுதான் படம். படத்தை முதலில் பார்த்தவனுக்குப் புத்தகத்தின் ருசி போய்விடும். பலகாரத்தைத் தின்றுவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காருவது போன்றது அது” என்று கணீரென்று முழங்கினோம். மாணவர்கள் வழக்கம்போல் தலையை ஆட்டினார்கள். உவமை நன்றாக அமைந்துவிட்டது என்று நமக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அன்று மாலை, பள்ளி நூல் நிலையத்தைப் பூட்டும் சமயத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கதவோரம் வந்து நின்றான். அவன் தகப்பனார் செங்கற் சூளையில் வேலை செய்பவர். வீட்டில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் கிடையாது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பாதியில் நிறுத்திவிடுவான்.

“ஐயா, படம் பார்த்தவர்களுக்குப் புத்தகம் கொடுப்பீர்களா?” என்று கேட்டான்.

அக்கேள்வி நமது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. நாம் செய்த உபதேசத்தை அவன் சட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டான். மாமனோடு போய்ப் படத்தைப் பார்த்துவிட்ட காரணத்தினால், புத்தகத்தைத் தொடும் உரிமை தனக்கு இல்லையோ என்று பயந்து கேட்கிறான்! நாலு புத்தக அலமாரிகள் உள்ள வீட்டிற் பிறந்த குழந்தைகளுக்கு ஏற்ற உபதேசத்தை, ஓர் அலமாரியும் இல்லாத வீட்டுக் குழந்தையின்மேல் சுமத்தியிருக்கிறோமே என்று வெட்கமடைந்தோம். ஒன்றும் சொல்லாமல் முதற் பாகத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தோம்.

முதற் பாகத்தை முடிக்க அவனுக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. ஆனால் முடித்தான். எப்படி முடிந்தது என்று விசாரித்தபோது அவன் சொன்ன பதில், பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற பாடங்கள் பலவற்றைவிட உபயோகமாயிருந்தது. அந்த நாவலில் பெயர்கள் ஏராளம். பழுவேட்டரையர் என்ற பெயரிலேயே இருவர். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அந்தப் பெயர்க் காட்டில் நுழைந்தால் திசை தெரியாமல் திரும்பிவிடுவான். படத்தைப் பார்த்திருந்ததால் இவனுக்கு யார் யார், யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தன. ஆகவே எழுத்தோடு மட்டும் போராடினால் போதுமானதாயிருந்தது. நாம் பலகாரம் என்று இகழ்ந்தது அவனுக்குக் கைத்தடியாக உதவியிருக்கிறது.

இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று ஒன்றரை வருஷம் ஓடிற்று. நான்காம் பாகம் நூல் நிலையத்தில் இல்லை. வீட்டிலுள்ள பைண்டு புத்தகத்தைக் கொடுக்கலாமா என்று தாயாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. “காகிதம் அப்பளம் மாதிரி இருக்கிறது. அந்தப் பையன் பக்கத்தை மடிப்பானா?” என்றார். “மடிக்கமாட்டான்” என்றோம். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தைப் பழைய புடவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் நமது வீட்டிற்கே வந்து புத்தகத்தைத் திருப்பித் தந்தான். அதே துணி, அதற்குமேல் பத்திரிகைக் காகிதத்தில் ஓர் உறை. அவன் முகத்தைப் பார்த்தோம். கொட்டகை வாசலில் இரண்டாங் கட்சியினரிடம் காணும் அதே சுளிப்பு!

“ஐயா, கந்தமாறனுக்கு மணிமேகலை என்று ஒரு தங்கை இருக்கிறாளே! அவளைப் படத்தில் காட்டவே இல்லையே!” என்றான், தன் வீட்டுப் பெண்ணைக் கலியாணத்திற்கு அழைக்காமல் விட்டுவிட்டதுபோல.

உள்ளேயிருந்து நமது தாயார் வந்தார். “வந்தியத்தேவன் உனக்கு எப்படித் தெரிகிறான், தம்பி?” என்று கேட்டார்.

“கார்த்தி மாதிரிதான் தெரிகிறார், பாட்டி. அதை மாற்ற முடியவில்லை” என்று ஒப்புக்கொண்டான்.

“மணிமேகலை?”

சிறிது யோசித்தான். “எங்கள் அக்கா மாதிரி இருக்கிறாள்” என்றான்.

தாயார் ஐந்தாம் பாகத்தை எடுத்து வரப் பெட்டியண்டை போய்விட்டார்.

படம் முதலிலா, புத்தகம் முதலிலா என்று பெற்றோர்கள் நம்மைக் கேட்பதுண்டு. இப்போதெல்லாம் நாம் உபதேசம் செய்வதில்லை. பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வெளிவந்த நாவல்; 2019-இல் வெற்றிமாறன் அதை ‘அசுர’னாக எடுத்த பிறகே அப்புத்தகத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நமது ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் படம் பார்த்துவிட்டு வந்து அதைத் தேடிப் படித்ததற்கு நாம் ஏன் வருந்தவேண்டும்? வருந்தத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: படத்தைப் பார்த்த குழந்தை வீடு திரும்பும்போது, கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் புத்தகம் இல்லாமற் போவது. டிக்கெட் வாங்கும் பணத்தில் சிறு பங்கைப் புத்தகத்திற்கு ஒதுக்குங்கள். அதுவும் இயலாதவர்கள் பக்கத்திலுள்ள நூல் நிலையத்தின் வாசலைக் குழந்தைக்குக் காட்டுங்கள். பெட்டியில் பழைய பைண்டு புத்தகங்கள் வைத்திருப்பவர்கள் அவற்றைத் துணியில் சுற்றியாவது வெளியே கொடுங்கள்.

திரை தரும் முகங்கள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை நாம் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் திரையில் வராத ஒரு பெண்ணுக்குத் தன் அக்காவின் முகத்தைக் கொடுத்தானே, அந்தப் பையன் அன்றுதான் படிக்கக் கற்றுக்கொண்டான் என்று நாம் கருதுகிறோம்.