தொப்பி வணிகர் தொடங்கிய வார ஏடு

விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் இளைஞர்கள் நம் ஆண்டர்சன்பேட்டை வீடுகளில் பலர். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிவது அந்த ரயிலை நம்பித்தான். அவர்கள் கொண்டுவரும் சம்பளச் சீட்டில் 'வருமான வரி' என்றொரு பிடித்தத்தைக் கண்டு, "இதை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ!" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை நாம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடிப் புறப்பட்டால் ஒரு வாரப் பத்திரிகையின் வரலாற்றில் போய் நிற்கிறோம். இந்நாட்டில் வருமான வரியை முதன்முதல் கொண்டுவந்தவர், உணவுத் தானியத்தின் மீதிருந்த வரியை ஒழிக்க வேண்டும் என்பதற்காகவே பத்திரிகை தொடங்கிய ஒருவர்!

அவர் பெயர் ஜேம்ஸ் வில்சன். பத்திரிகை, இன்று உலகெங்கும் வணிகரும் அமைச்சரும் படிக்கும் 'எகானமிஸ்ட்'.

வில்சன் 1805-இல் ஸ்காட்லாந்தில் ஹாவிக் என்ற சிற்றூரில் பிறந்தவர். தொப்பி செய்யும் தொழிலைக் கற்று, லண்டன் சென்று, அதில் நல்ல பொருளும் சேர்த்தார். பிறகு ஆசை பெருகிற்று. நீலச் சாயத்தின் விலை ஏறும் என்று நம்பிக் கைப்பொருளில் பெரும்பகுதியை அதில் முடக்கினார். 1837-இல் வந்த வணிக நெருக்கடியில் எல்லாம் கரைந்தது. அந்நாளில் ஐரோப்பாவுக்கு நீலம் பெரும்பாலும் வங்காளத்திலிருந்தே சென்றது. ஆகவே வில்சனின் வாழ்வில் இந்தியா முதலில் நட்டக் கணக்கில்தான் வந்து சேர்ந்தது எனலாம். கடன் கொடுத்தவர்களுக்கு அவர் ஒப்படைத்த சொத்து எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை என்று பின்னாளில் தெரியவந்தபோது, சட்டம் கட்டாயப்படுத்தாதிருந்தும், குறைந்த தொகையைத் தாமே அனுப்பிவைத்தாராம். கணக்கைப் பற்றிப் பிறருக்கு எழுதப் புகுந்தவரிடம் இந்த நாணயம் இருந்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

அக்காலத்து இங்கிலாந்தில் வெளிநாட்டிலிருந்து வரும் தானியத்தின் மீது கடுஞ்சுங்கம் விதிக்கப்பட்டிருந்தது. அதனால் நிலப்பிரபுக்களுக்கு ஆதாயம். ஆலைத் தொழிலாளிக்கோ ரொட்டி விலை எட்டாத உயரம். இச்சட்டங்களை எதிர்த்து வில்சன் 1843 செப்டம்பரில் தம் ஏட்டின் முதல் இதழை வெளியிட்டார். தொடக்க காலத்தில் அதன் பெரும்பகுதியை அவரே எழுதினார். வெறும் ஆவேசம் அவருக்குப் பிடிக்காது. சரக்கு விலை, ஏற்றுமதி, இறக்குமதி, வங்கிக் கணக்கு என்று வாரந்தோறும் எண்களை அடுக்கி, அவற்றைக் கொண்டே வாதாடினார். வணிகர்கள் விலைக்காக வாங்கினார்கள். வாங்கியவர்கள் வாதத்தையும் படித்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1846-இல், தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டன.

ஆனால் இவ்வேட்டின் வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் பரவிற்று. சுமார் பத்து லட்சம் மக்கள் மடிந்தனர். அப்போதும் எகானமிஸ்ட், அரசாங்கம் தலையிட்டு உணவு வழங்கலாகாது, சந்தை தன் வழியே செல்லட்டும் என்ற கொள்கையை விடாது பிடித்துக்கொண்டிருந்தது. ரொட்டி மலிய வேண்டும் என்று பிறந்த ஏடு, ரொட்டி வாங்கக் காசே இல்லாதவனைக் காணத் தவறியது. இதை நாம் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. அதே கொள்கையை 1876–78 தாது வருடப் பஞ்சத்திலும் ஆங்கில அரசாங்கம் பின்பற்றிற்று. சென்னை மாகாணத்தில் மக்கள் பட்டினியால் சாகும்போதும் தானிய வியாபாரத்தில் தலையிட மறுத்தது. அந்தப் பஞ்சத்தின் வடு ஆறுமுன்னரே, 1880-இல், லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கினர். வட ஆர்க்காட்டிலிருந்து நம் முன்னோர் மூட்டை முடிச்சுடன் வந்து இறங்கியதும் அதன் பின்னர்தான்.

இனி வரிக்கு வருவோம். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் இந்திய அரசாங்கத்தின் கஜானா கடனில் ஆழ்ந்திருந்தது. கணக்கைச் சீர்செய்ய, அதற்குள் நாடாளுமன்றத்திலும் லண்டன் கருவூலத்திலும் பணியாற்றித் தேர்ந்திருந்த வில்சனை அனுப்பினார்கள். 1859 நவம்பரில் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். மறு ஆண்டே வருமான வரிச் சட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் கீழ் உள்ளவர்களுக்கு வரி இல்லை. 500 ரூபாய் வரை நூற்றுக்கு 2. அதற்கு மேல் நூற்றுக்கு 4. நாடு முழுவதற்கும் காகித நோட்டு வெளியிடும் திட்டத்தையும் அவரே வகுத்தார். அது 1861-இல் சட்டமாயிற்று.

எதிர்ப்பு எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? சென்னையிலிருந்து! அப்போது சென்னை கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவிலியன், இவ்வரி மக்களைக் கொதிப்படையச் செய்யும் என்று எழுதியதோடு நில்லாமல், அக்குறிப்பைப் பத்திரிகைகளிலேயே வெளியிட்டுவிட்டார். இத்தனைக்கும் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்து, நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவர் இவரே. மேலிடத்துச் சண்டையைச் சந்திக்கு இழுத்த குற்றத்திற்காக அவர் திருப்பி அழைக்கப்பட்டார். ஆனால் சில ஆண்டுகளில் வில்சன் வகித்த அதே நிதிப் பொறுப்பில் வந்தமர்ந்தார். 1865-இல் அந்த வரியும் நின்றது. பின்னாளில் அது மீண்டும் வந்ததை நம் வீட்டுச் சம்பளச் சீட்டுகளே சொல்லும்.

இவற்றையெல்லாம் காண வில்சன் உயிருடன் இல்லை. வெயிலைப் பொருட்படுத்தாது உழைத்தவர், வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு 1860 ஆகஸ்ட் 11-ஆம் நாள் கல்கத்தாவிலேயே இறந்தார். வந்து ஒன்பது மாதங்கூட நிறையவில்லை.

ஏடு மட்டும் நிலைத்தது. அவருடைய மூத்த மருமகன் வால்டர் பேஜட் 1861 முதல் 1877 வரை ஆசிரியராயிருந்து அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தார். 1928 வரை அது குடும்பச் சொத்தாகவே இருந்தது. அவ்வாண்டு கைமாறியபோது, பங்கு வைத்திருப்பவர்கள் ஆசிரியரை ஆட்டிவைக்காதபடி, அறங்காவலர் சிலரின் சம்மதமின்றி ஆசிரியரை நியமிக்க முடியாது என்று விதி செய்தனர். கட்டுரைகளில் எழுதியவர் பெயர் போடாத வழக்கமும் இன்றுவரை தொடர்கிறது. 'நாம்' என்று எழுதியே பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

கல்கத்தாவில் வில்சனைப் புதைத்த இடம் நெடுங்காலம் எவர் நினைவிலும் இல்லாமல் கிடந்தது. 2007-இல் மல்லிக் பஜார் கல்லறைத் தோட்டத்தில் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர், வருமான வரி இலாகாவின் வரலாற்றை எழுதுவதற்காகத் தகவல் திரட்டிய அந்த இலாகாவின் அதிகாரி ஒருவர்.