அடுப்பங்கரைக்கு ஓர் அளவுகோல்

நல்ல உணவு எது என்பது நம் இல்லங்களில் எவரும் அறியாத செய்தியன்று. கீரை நல்லது, எண்ணெய்ப் பலகாரம் அளவோடு இருத்தல் வேண்டும், உப்பைக் குறைத்தல் வேண்டும் என்பனவற்றைப் பள்ளிச் சிறுவனும் ஒப்புவிப்பான். வள்ளுவப் பெருந்தகையும் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும் பகுதியில் உண்ணும் அளவையும் பசித்து உண்பதையும் பற்றியே பேசிச் சென்றார். ஆயினும் அறிந்தது ஒன்று, உண்பது மற்றொன்று என்ற நிலையிலேயே நாம் இருக்கின்றோம். இந்த இடைவெளி எதனால் உண்டாகின்றது? அதனை அளந்தறிய இயலுமா? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவை அளக்கும் கலை நம் தமிழ் மண்ணிலேயே வளர்ந்ததாகும். 1918ஆம் ஆண்டில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்ட எலிகள் செழித்தன; தீட்டிய அரிசி மிகுந்த சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்குகின்றது. 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 17 உணவு நெறிகளை வெளியிட்டது. நமக்கு வேண்டிய சக்தியில் 45 சதவிகிதத்துக்கு மேல் தானியங்களிலிருந்து வருதல் கூடாது என்பது அதன் அறிவுரை. சோற்றைக் குவித்து, ஓரத்தில் ஒரு கரண்டி காய் வைத்து உண்ணும் நம் வழக்கம் இதற்கு எவ்வளவு தொலைவில் நிற்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எலி, கொடுத்ததை உண்ணும். எலிக்கு மாமியார் இல்லை. ஷிப்டு வேலை இல்லை. மாதக் கடைசி இல்லை. மனிதன் உண்பதை அறிய வேண்டுமாயின் அவன் மனத்தையும், அவனைச் சூழ்ந்துள்ள மக்களையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

இம்முயற்சியில் 1995ஆம் ஆண்டு லண்டனில் ஆண்ட்ரூ ஸ்டெப்டோ முதலிய உளவியல் அறிஞர்கள் ஒரு வினாத்தாளை வகுத்தனர். அதில் 36 வினாக்கள். ஒவ்வொன்றும் ஒருவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான்கு படிகளில் குறிக்கச் சொல்வார்கள். விடைகளைக் கூட்டினால் ஒருவர் உணவைத் தேர்ந்தெடுப்பதற்கான ஒன்பது காரணங்கள் வெளிப்படும்: உடல்நலம், மனநிலை, வசதி, சுவை, இயற்கைத் தன்மை, விலை, உடல் எடை, பழக்கம், அறநெறி என்பன அவை. உடல்நலம் என்பது ஒன்பதில் ஒன்றே என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மற்ற எட்டும் நம் வாழ்வில் எவ்வாறு ஆட்சி செய்கின்றன என்பதை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. காலை ஐந்தரை மணி வண்டியைப் பிடிப்பவருக்கு நிலையத்து வடாபாவே காலை உணவு. இது வசதியின் ஆட்சி. தாராவியின் சிறு அறைகளில் நள்ளிரவு தாண்டி இட்லி அவித்து, விடியுமுன் சைக்கிளில் நகரெங்கும் கொண்டு செல்வோர் நம்மவரே. ஊரார் பசியை ஆற்றும் அவர்களுள் எத்தனை பேர் தாம் வேளைக்கு அமர்ந்து உண்கின்றனர்? மாதக் கடைசியில் காய்க்காரர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கோடு திரும்புவது விலையின் ஆட்சி. செம்பூர் வீட்டில் வசதி பெருகிய பின்னரும், இரவில் சப்பாத்தி உண்டால் உண்டது போலவே இல்லை என்று தாத்தா முறையிடுவது பழக்கத்தின் ஆட்சி.

எனினும் வினாத்தாளுக்கும் ஒரு குறை உண்டு. கேட்பவர் மெச்சும் விடையைச் சொல்வது மனித இயல்பு. ஆதலின் ஆராய்ச்சியாளர், 'நேற்றுக் காலை முதல் இரவு வரை என்ன உண்டீர்கள், எவ்வளவு உண்டீர்கள்?' என்று வேளைவேளையாகக் கேட்டு எழுதும் முறையையும் கையாளுகின்றனர்.

இதை என் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். அதற்குக் காரணம் இருந்தது. மருத்துவப் பரிசோதனையில் என் மனைவிக்கு இரத்தம் குறைந்திருப்பதாகக் கூறினர். மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்ததென எண்ணியிருந்தேன். பின்னர் ஒரு நாள், 'நம் வீட்டில் தினமும் காய்கறி உண்கிறோமா?' என்று எல்லோரையும் கேட்டேன். 'ஆம்' என்றே அனைவரும் கூறினர். ஆளுக்கொரு பத்தி வகுத்து ஏழு நாள் எழுதினேன். எனக்கும் பிள்ளைகளுக்கும் உரிய பத்திகள் ஒருவாறு நிரம்பின. மனைவியின் பத்தியில் நான்கு இரவுகளில் சோறு, ரசம், ஊறுகாய் என்றே இருந்தது. காரணம் கேட்டேன். "உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு இருந்தால் எடுத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் என்ன, ரசம் இருக்கிறதே!" என்றாள். கணக்கெழுதியே பிழைக்கும் நான், பல ஆண்டுகளாக என் வீட்டுக் கணக்கில் ஒரு பத்தியைப் பாராமலே இருந்திருக்கின்றேன்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல. ஆயினும், கடைசியில் உண்ணுதல், மிஞ்சியதை உண்ணுதல் என்னும் வழக்கத்தை அவற்றினின்று நீக்கிவிட முடியாது. 'உங்கள் வீட்டில் கடைசியில் உண்பவர் யார்?' என்ற வினா அந்த 36இல் இல்லை. நாம்தாம் அதனைச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

அளந்த பின் மாற்றுவது எப்படி? இதற்கு விடை கண்டவர் கர்ட் லெவின். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, மக்கள் ஒதுக்கி வந்த இருதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளைச் சமைக்கச் செய்வது எவ்வாறு என்று அவர் ஆராய்ந்தார். வீட்டுக்குள் வரும் உணவுக்கு வாயிற்காவலர் இல்லத்தலைவியே என்பது அவர் கண்ட முதல் உண்மை. ஆயினும் அவர் வாங்குவது கணவரும் பிள்ளைகளும் ஒதுக்காமல் உண்பதைத்தான். அடுத்து, பெண்கள் சிலருக்குச் சொற்பொழிவு நிகழ்த்தச் செய்தார். வேறு சிலரைத் தமக்குள் கலந்துபேசி, சமைத்துப் பார்ப்பதாகக் கையுயர்த்தி முடிவு செய்யச் செய்தார். சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேரே முன்பு சமைத்தறியாத உறுப்புகளைச் சமைத்தனர். கலந்துபேசியவர்களில் 32 பேர் சமைத்தனர்.

இவ்வுண்மையின் சாயலை நம் அண்டையிலேயே காணலாம். மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தோற்றுவித்த 'ஸ்நேஹா' நிறுவனம் 2015இல் 'தாராவி பியனாலே' என்ற கலைவிழாவை நடத்தியது. அதையொட்டித் தாராவிப் பெண்கள் எண்மர் கூடிச் சமைத்தனர். தத்தம் உணவைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் பேசினர். அவர்கள் கதைகளையும் சமையல் முறைகளையும் பிரஜ்னா தேசாய் 'தி இண்டிசைசிவ் சிக்கன்' என்னும் நூலாக்கினார். சமையல் அறிந்தவர்களைப் பேசவிட்டு, மற்றவர் கேட்ட நிகழ்ச்சி அது.

நம் சங்கத்தினரும் இவ்வாறு செய்யலாகாதா? ஆண்டுவிழாவில் ஒலிபெருக்கி வைத்து ஆரோக்கியச் சொற்பொழிவு நடத்துகின்றோம். கைதட்டிவிட்டுக் கேசரியும் போண்டாவும் உண்டு கலைகின்றோம். அதற்கு மாறாக, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு ஞாயிறு மாலை வட்டமாக அமரலாம். ஆண்களும் அவசியம் அமர வேண்டும். ஏனெனில் வாயிற்காவலரின் கையைக் கட்டிவைப்பது பெரும்பாலும் நம் நாக்கே. ஒவ்வொரு வீட்டாரும் ஏழு நாள் கணக்கைக் கொண்டுவந்து, மாற்றக்கூடிய ஒன்றை மட்டும் தேர்ந்து கையுயர்த்தட்டும். அடுத்த மாதம் அதே வட்டத்தில் விளைவைக் கூறட்டும். இதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் தேர்ந்தது இதுதான்: காய் இறக்கியவுடன் ஐவருக்கும் ஐந்து கிண்ணங்களில் முதலிலேயே பங்கிடப்படும். முதல் நாள் என் மனைவி தன் கிண்ணத்தை இளையவன் பக்கம் தள்ளினாள். அவனே அதைத் திருப்பித் தள்ளினான்.

அன்பர்களே, இன்றிரவு ஒரு தாளை எடுத்து வையுங்கள். வீட்டில் கடைசியாக உண்பவர் பெயரை முதற்பத்தியில் எழுதி, கணக்கைத் தொடங்குவோமாக.